‘கேஷ்’ எந்த ஊர்ச் சொல்? ஓர் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் தேடும் வழி

‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய ‘காசு’விலிருந்து போனதுதான் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. அதற்குப் பதிலாக இன்னொன்றும் வரும்: அதெல்லாம் கட்டுக்கதை, அது லத்தீன் சொல், தமிழுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நாமே தேடிக் கண்டுபிடிக்கலாம். அதற்கு மொழியியல் பட்டம் தேவையில்லை. ஒரு கைபேசி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும்.

நான் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் பல வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். அதில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி, “அத்தை, கேஷ்னா நம்ம காசுதானே? நீங்க அதுலதானே வேலை பார்த்தீங்க, சொல்லுங்க” என்றாள். வாயால் பதில் சொல்லி முடித்துவிடாமல், அவளையே தேட வைத்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இது பொருந்தும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. தமிழிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இருக்கின்றன. ஆதாரமில்லாத நூறு சொற்களை அவற்றோடு சேர்த்துப் பரப்பும்போது, உண்மையான பத்தையும் யாரும் நம்பாமல் போகிறார்கள். மொழி மேல் பிரியம் இருப்பவர்கள்தான் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் பொருளை எழுதுங்கள்

பூர்வீகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். ஒரு பக்கம் எடுத்து, அந்தச் சொல் இன்று எங்கெல்லாம் எந்தப் பொருளில் வருகிறது என்று எழுதுங்கள்.

கேஷ் என்றால் கையில் எண்ணக்கூடிய நோட்டும் நாணயமும். கடையில் “கேஷா, ஜிபேயா?” என்று கேட்கிறார்களே, அது. கடனுக்கு எதிரான பொருளிலும் வரும்: கேஷ் பில், கிரெடிட் பில். வினையாகவும் வரும்: செக்கைக் கேஷ் பண்ணுவது. கணக்குப் பதிவியலில் இன்னும் கொஞ்சம் அகலமாகி, வங்கியில் கிடக்கும் தொகையையும் ‘கேஷ் அட் பேங்க்’ என்பார்கள்.

இப்போது பக்கத்தில் தமிழை வையுங்கள். ‘அவனிடம் காசு இருக்கிறது’ என்றால் வசதியானவன் என்று பொருள். அவன் சட்டைப்பையில் நோட்டு இருப்பதாகப் பொருளில்லை. ஆங்கிலக் கேஷுக்குச் சரியாகப் பொருந்துவது ‘ரொக்கம்’. காசு என்பது முதலில் நாணயம், பிறகு பொதுவாகப் பணம். ஆக, ஒலியில் ஒட்டி வரும் இரண்டு சொற்கள் பொருளில் கொஞ்சம் விலகி நிற்கின்றன. இதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அகராதியில் அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள்

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றுக்குப் பேரகராதி என்றால் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிதான். 1857-ல் லண்டனில் மொழியியல் சங்கத்தார் யோசனை போட்டு, 1884-ல் முதல் பகுதி வெளிவந்து, 1928-ல் முடிந்த வேலை அது. அதை நெடுங்காலம் நடத்திய ஜேம்ஸ் மர்ரே, பொதுமக்களிடமே உதவி கேட்டார். பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தை ஆண்டோடு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. வவுச்சர் இல்லாமல் ஒரு பதிவும் போடக் கூடாது என்று வங்கியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போலத்தான்: சீட்டு இல்லாத செய்திக்கு அந்த அகராதியில் இடமில்லை.

அதன் புதிய பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பழைய பதிப்பின் தொகுதிகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மெரியம்-வெப்ஸ்டர் தளமும், ‘ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி’ என்ற தளமும் இலவசம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவை போதும்.

எந்த அகராதியைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, சொல்லின் தலைக்கு மேலோ பக்கத்திலோ இருக்கும் சின்ன எண். ஒரே எழுத்துக்கூட்டல், ஆனால் வேறு வேறு பிறப்பு என்றால் அகராதிக்காரர்கள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனியாகத் தருவார்கள். சூட்கேஸில் இருக்கும் ‘கேஸ்’ ஒரு சொல், கோர்ட்டில் நடக்கும் ‘கேஸ்’ இன்னொரு சொல். முதலாவது பெட்டி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது, விழுதல், நேர்தல் என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காதுக்கு ஒன்றுதான், எழுத்திலும் ஒன்றுதான்.

அந்தப் பெண் கேஷ் என்று போட்டுத் தேடினாள். இரண்டு பதிவுகள் வந்தன. “அத்தை, ரெண்டு கேஷ் இருக்கு!” என்றாள். வாட்ஸ்ஆப் சண்டை முழுவதும் இந்த ஒரு எண்ணைப் பார்க்காததால் வந்தது.

முதல் கேஷ்: பெட்டிக்குள் இருந்த பணம்

எண் ஒன்று என்று போட்டிருப்பதுதான் நாம் தினமும் சொல்லும் கேஷ். ஆங்கில எழுத்தில் அது தென்படத் தொடங்குவது 1590-களில். ‘முதல் பயன்பாடு’ என்று அகராதி சொல்லும் ஆண்டு, அந்தச் சொல் பிறந்த ஆண்டு அல்ல. கைக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்தின் ஆண்டு. மக்கள் வாயில் அதற்கு முன்பே இருந்திருக்கும். நாளை யாராவது ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுத்தால் ஆண்டு பின்னுக்கு நகரும்.

அந்தக் காலத்தில் அதன் பொருள் என்ன என்று பாருங்கள். இன்று வழக்கொழிந்த பொருள் ஒன்றை அகராதி தருகிறது: பணம் வைக்கும் பெட்டி. ஜான் ஃப்ளோரியோ என்பவர் 1598-ல் ஓர் இத்தாலிய–ஆங்கில அகராதி வெளியிட்டார். அதில் ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள் சொல்லிவிட்டு, வணிகரின் கேஷ் என்றும் சேர்த்து எழுதுகிறார். ஆங்கிலக் கேஷையும் இத்தாலியக் காஸ்ஸாவையும் அந்தக் காலத்து ஆளே பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். இதைவிட நல்ல வவுச்சர் கிடைக்காது.

இனி பின்னோக்கி நடக்கலாம். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சின் ‘கேஸ்’ அல்லது இத்தாலியின் ‘காஸ்ஸா’ வழியாக வந்தது. அவற்றுக்குப் பின்னால் லத்தீனின் ‘காப்சா’. ரோமர்கள் சுருள் புத்தகங்களை நிற்க வைத்து எடுத்துப் போக ஓர் உருளைப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் காப்சா. அதற்கும் பின்னால், பிடித்தல், எடுத்துக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள ‘காபெரே’ என்ற வினை. பிடித்து வைத்துக்கொள்வது எதுவோ அது பெட்டி. பெட்டியில் வணிகர் பணம் வைத்தார். கடைசியில் பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது.

இந்தப் பொருள் மாற்றம் நடக்கக்கூடியதுதானா என்று சோதிப்பது அடுத்த வேலை. கதை அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. இதே மாதிரி வேறு சொற்களும் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாறியிருக்கின்றன. ‘ஃபிஸ்கல்’ என்று பட்ஜெட் செய்திகளில் வருகிறதே, அதன் மூலம் ‘ஃபிஸ்கஸ்’ என்ற லத்தீன் சொல். அது பணம் போட்டு வைக்கும் கூடை. கூடை கருவூலமாகி, கருவூலம் அரசின் நிதியானது. ‘பட்ஜெட்’ என்பதே சின்னத் தோல் பை என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கூடை, பை, பெட்டி மூன்றும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. நம்மிடமும் “கல்லாவில் எவ்வளவு இருக்கு?” என்று கேட்பவர், “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்றும் கேட்கிறார். இரண்டாவது கேள்வியில் கல்லா என்பது பெட்டி அல்ல, அன்றைய வசூல்.

பிறகு உறவுக்காரர்களைக் கூப்பிடுங்கள். ஒரு சொல்லின் பிறப்பைச் சரியாகப் பிடித்துவிட்டால் அதன் குடும்பமே பின்னால் வரும். சூட்கேஸின் கேஸ், மாத்திரைக் கடையின் கேப்சூல், பாட்டுக் கேட்ட கேசட், மூன்றும் காப்சாவின் வாரிசுகள். லாரிப் பட்டறையில் சொல்லும் ‘சேசிஸ்’கூட, பிரெஞ்சில் உருமாறி வந்த அதே பெட்டிதான். காபெரே வரைக்கும் போனால் இன்னும் பெரிய குடும்பம்: கேப்சர், கேப்பபிள், அக்செப்ட், ரிசீவ். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. பத்துச் சொல்லைத் தனித்தனியாக மனப்பாடம் பண்ணுவதற்குப் பதில் ஒரு வினையைப் பிடித்துக்கொண்டால் பத்தும் ஞாபகத்தில் நிற்கின்றன.

ஆனால் குடும்பத்தில் இல்லாதவரும் வந்து பந்தியில் உட்காருவார். கேஷியர் என்ற பெயர்ச்சொல், நான் பார்த்த வேலை, காப்சா குடும்பம்தான். பிரெஞ்சின் கேஸியே வழியாக வந்தது. ஆனால் ராணுவச் செய்தியில் ஓர் அதிகாரியை ‘கேஷியர்’ செய்தார்கள் என்று வினையாக வந்தால், அவமானப்படுத்திப் பதவி நீக்கினார்கள் என்று பொருள். அது டச்சு வழியாக வந்த வேறு சொல். செல்லாததாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை அதற்கு மூலம். ‘முந்திரி’ என்ற பொருளுள்ள கேஷ்யூ, பிரேசில் நாட்டுத் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் எடுத்து வந்த சொல். கேஷ்மீர் கம்பளி என்பது காஷ்மீரின் பெயர். ‘பெட்டி கேஷ்’ என்பதைக் கேட்டால், கேஷ் என்றாலே பெட்டிதானே, நம் தமிழ்ப் பெட்டியும் அங்கே உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றும். அந்தப் ‘பெட்டி’ பிரெஞ்சில் சிறியது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. சில்லறைச் செலவுக்கான சிறு தொகை, அவ்வளவுதான்.

இரண்டாவது கேஷ்: நம் காசு போன வழி

எண் இரண்டுக்கு வாருங்கள். இங்கே அகராதி தரும் பொருள் வேறு: கிழக்கு ஆசியாவிலும் தெற்கு ஆசியாவிலும் புழங்கிய மதிப்புக் குறைந்த சிறு நாணயம், குறிப்பாக, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக் காசு. மூலம் என்ற இடத்தில் போர்ச்சுகீசியச் சொல் ஒன்றும், அதற்குப் பின்னால் தெளிவாகத் தமிழ் ‘காசு’வும் நிற்கும்.

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது என்றால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் கொண்டு போனார்கள்? எப்போது? எந்த ஊரில் வைத்துக் கேட்டார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், ஒலி எவ்வளவு ஒத்துப்போனாலும் அதை வெறும் சந்தேகமாகவே வைத்திருங்கள்.

வாட்ஸ்ஆப் செய்தி இங்கேதான் தடுமாறுகிறது. லண்டனில் கேஷ் என்று பணப்பெட்டியைச் சொன்ன 1590-களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியே பிறக்கவில்லை. அதற்குப் பட்டயம் கிடைத்தது 1600 டிசம்பர் 31-ல். சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639-ல். ஆகவே முதல் கேஷைத் தமிழ்நாட்டிலிருந்து நேராகத் தூக்கிப்போக ஆளில்லை. இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் தூக்கிப்போக ஆள் தாராளமாக இருந்தார்கள்.

இரண்டாவது கேஷுக்கோ மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். 1511-ல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அங்கெல்லாம் நம் கரை வணிகர்கள் முன்பே இருந்தார்கள். சில்லறை நாணயத்துக்குக் காசு என்ற பெயரைப் போர்ச்சுகீசியர் கேட்டார்கள். தங்கள் மொழியில் எழுதும்போது ‘கைஷா’ என்று எழுதிவிட்டார்கள். கைஷா என்றால் அவர்கள் மொழியில் ஏற்கெனவே பெட்டி! அதே லத்தீன் காப்சாவின் போர்ச்சுகீசிய வாரிசு. புதிதாகக் காதில் விழுந்த சொல்லுக்குத் தங்களுக்குப் பழகிய சொல்லின் சட்டையைப் போட்டுவிடுவது எல்லா மொழிக்காரரும் செய்வதுதான். பிறகு ஆங்கிலேயர் வந்து, அந்தக் கைஷாவைக் கேட்டு, தங்களுக்குப் பழகிய கேஷாக்கினார்கள். தனித்தனியாகப் பிறந்த இரண்டு சொற்கள், கடைசியில் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கென்று தனி அகராதி ஒன்று இருக்கிறது: ‘ஹாப்சன்-ஜாப்சன்’. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் சேர்ந்து செய்து 1886-ல் வெளிவந்தது. பர்னல் எங்கள் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனையில் இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே. புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1882-ல் இறந்துவிட்டார். அந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நூலகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அதே தளத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பக்கம் ஒன்று, தமிழ்ப் பக்கம் ஒன்று என்று இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

தமிழ்ப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி: போர்ச்சுகீசியர் வருவதற்கு முன் இந்தச் சொல் இங்கே இருந்ததா? ஒருவேளை அவர்களிடமிருந்துதான் நாம் வாங்கினோமா? ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அப்படி வந்தவைதானே. காசு அப்படி வரவில்லை. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறது என்று வருகிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு. எங்கள் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டிய கணக்கு இருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீத வட்டி. வங்கியில் வட்டி போட்டுப் பழகிய எனக்கு அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போதெல்லாம் மனசு நிறைந்துபோகும். கோயில் முடிந்தது 1010-ல். போர்ச்சுகீசியருக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருடம் முன்பு. எனவே கடன் கொடுத்த பக்கம் தமிழ்தான்.

காசு என்பதையே ‘கர்ஷ’ என்ற சமஸ்கிருத எடைப் பெயரோடு இணைப்பவர்களும் உண்டு. அறிஞர்கள் நடுவே அதில் வாதம் இருக்கிறது. உங்கள் நோட்டில் அதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். நமக்குப் பிடிக்காத வாதத்தை மறைத்து எழுதுகிற குறிப்புக்கு மதிப்பில்லை.

கம்பெனி காலத்தில் இந்த இரண்டாவது கேஷ் மதராஸின் அதிகாரபூர்வக் கணக்கிலேயே உட்கார்ந்துவிட்டது. 80 கேஷ் ஒரு ‘பணம்’; அன்று அது ஒரு சிறு நாணயத்தின் பெயர். 42 பணம் ஒரு ‘பகோடா’ என்ற பொன் நாணயம். ஆக ஒரு பகோடாவுக்கு 3,360 கேஷ். பத்துக் கேஷ், இருபது கேஷ் என்று ரோமன் எண்ணில் அச்சிட்ட செப்பு நாணயங்களை 1808-ல் பர்மிங்ஹாமில் அடித்து இங்கே அனுப்பினார்கள். அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு வெளியே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளித்து எடுத்தவர்களுக்கு, மதராஸுக்கு வந்து சேராத அந்தக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. நாணயம் சேகரிப்பவர்களிடம் இன்றும் அவை கைமாறுகின்றன. அந்த நாணயத்தின் படம் இணையத்தில் கிடைக்கும்; பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அகராதியில் ஓர் எண்ணாக இருந்தது அப்போது கையில் தொடுகிற பொருளாகிவிடும்.

மதராஸில் 1818-ல் வெள்ளி ரூபாய்க் கணக்கு வந்து கேஷ் போய்விட்டது. திருவிதாங்கூரில் மட்டும் இன்னும் நீண்ட நாள் இருந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சக்கரக் கணக்கு சொல்வார்கள்.

சீன நாணயத்துக்கு வந்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சீனர்கள் அதைக் கேஷ் என்று சொன்னதே இல்லை. அவர்கள் மொழியில் ‘ச்சியென்’, ‘வென்’. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த நாணய நூலிலும், எந்த அருங்காட்சியகச் சீட்டிலும் அது கேஷ்தான். ஓட்டையில் கயிறு கோத்துச் சரமாக வைப்பார்கள். ஒரு சரத்துக்கு ஆயிரம் என்பது கணக்கு. சரமாகக் கோத்த அந்தச் சீனச் செம்புக்கு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போன தமிழ்ப் பெயர்.

காதை மட்டும் நம்பாதீர்கள்

ஒலி ஒத்துப்போவது கேள்வி கேட்க ஒரு காரணம், அவ்வளவுதான். பதில் அல்ல. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் எடுப்பது ‘எட்டு’. ஆங்கிலத்தில் ‘எய்ட்’, தமிழில் ‘எட்டு’. ஒரே சொல் என்றே தோன்றும். சரி, இரண்டையும் ஆயிரம் வருடம் பின்னால் கொண்டுபோங்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘எயாஹ்தா’; ஜெர்மனில் இன்றும் ‘ஆஹ்ட்’; லத்தீனில் ‘ஆக்டோ’. நம் எட்டின் அடியோ ‘எண்’. எண்பது, எண்ணூறு என்பதில் அது அப்படியே தெரிகிறது. உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக இரண்டும் நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன. எனவே எப்போதும் இன்றைய வடிவத்தை இன்றைய வடிவத்தோடு ஒப்பிடாதீர்கள். கிடைக்கிற மிகப் பழைய வடிவங்களை ஒப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஒலியில் ஒட்டாத ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சியின் உறவு. ஆங்கிலத்திலிருந்து லத்தீன், அங்கிருந்து கிரேக்கத்தின் ‘சிங்கிபெரிஸ்’, அங்கிருந்து பாலி மொழியின் ‘சிங்கிவேர’, அதற்குப் பின்னால் திராவிடத்தின் இஞ்சியும் வேரும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுதண்ணீர் ‘முல்லிகடானி’ ஆனது, குருந்தம் என்ற கல் ‘கொரண்டம்’ ஆனது எல்லாம் இப்படி வழி தெரிந்த சொற்கள். பெருமைப்பட வேண்டுமென்றால் இவற்றுக்குப் படுவோம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சொல்லும் சில கதைகளையும் பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். ‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தாம். புதியது என்ற பொருளுள்ள ‘நியூ’வின் பன்மைதான் அது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்வது இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலான வழக்கம். அதற்கு முந்தைய சொல்லுக்கு அப்படி விளக்கம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ‘சேலரி’ கதை இன்னொன்று. அந்தச் சொல்லுக்கும் உப்பு என்ற லத்தீன் சொல்லுக்கும் உறவு உண்டு, சரி. ஆனால் ரோமப் படைவீரர்களுக்குச் சம்பளமாக உப்பை அளந்து போட்டார்கள் என்று எந்தப் பழைய ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. சொல்லின் உறவு ஒன்று, அதன் மேல் கட்டிய கதை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பிடியுங்கள்.

நோட்டில் எழுதும் விதம்

சொல்லுக்கு ஒரு பக்கம் போதும். மேலே சொல், அகராதி எண்ணோடு. அடுத்து இன்றைய பொருள். அதன் கீழே மிகப் பழைய எழுத்தின் காலம், அப்போதைய பொருள். பிறகு வந்த வழி, ஊர் ஊராக. கடைசியில் உறவுச் சொற்கள், உறவு போலத் தோன்றி உறவில்லாதவை. எங்கள் பெண் எழுதியதிலிருந்து:

கேஷ், எண் இரண்டு. சிறு செப்பு நாணயம், முக்கியமாகச் சீனாவுடையது. ஆங்கில எழுத்தில் 1590-களிலிருந்து. வழி: தமிழ்க் காசு, போர்ச்சுகீசியக் கைஷா, ஆங்கிலக் கேஷ். கொண்டு போனவர்கள் கடல் வணிகர்கள். சான்று: குறுந்தொகை, பெரிய கோயில் கல்வெட்டு, கம்பெனி நாணயம். உறவு இல்லை: கேஷ் எண் ஒன்று, கேஷ்யூ.

ஓர் அகராதியில் பார்த்ததை இன்னொன்றிலும் பார்த்த பிறகே மையால் எழுதச் சொல்லியிருக்கிறேன், அதுவரை பென்சில். இரண்டு அகராதிகள் வேறு வேறு சொன்னால் இரண்டையும் எழுதி, எது எந்த ஆண்டுச் சான்றைக் காட்டுகிறது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும்.

இந்த வாரம் ‘டெல்லர்’ கொடுத்திருக்கிறேன். சொல்லுதல் என்ற பொருளுள்ள ஆங்கில வினைக்கு எண்ணுதல் என்ற பழைய பொருள் ஒன்று உண்டு; டச்சு மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் எண்ணுவது என்றே பொருள். பணம் எண்ணுகிறவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க அவ்வளவு துப்பு போதும். அதற்கடுத்து ‘செக்’. அது சதுரங்கப் பலகை மேல் நடந்து வந்த சொல். பிரெஞ்சு வந்ததும் நிறுத்திவிடாமல், அரபியைத் தாண்டிப் பாரசீகம் வரை போய்ப் பாருங்கள்.